கால் பாய் தட்டிய கதவு

தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கதவுக்கு நேரம் காலம் கிடையாது. தட்டுகிறவர், டிரைவர்களை டூட்டிக்கு எழுப்ப ரயில்வே அனுப்பும் 'கால் பாய்'. பெயர்தான் பாய், அதாவது பையன்; எங்கள் வரிசைக்கு வந்தவருக்குத் தலை முழுக்க நரை. கக்கத்தில் இருக்கும் நோட்டில் அப்பா நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நகருவார்.

1931-இல் பீச் ஸ்டேஷனிலிருந்து கரண்டு வண்டி வந்ததைத்தான் ஊர்ப் பெருமையாகச் சொல்வார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அதற்குப் பிந்தைய கதை. 1960-களில் விழுப்புரம் வரைக்கும் மின்கம்பி நீண்டது. ஜப்பானிலிருந்து 20 மீட்டர்கேஜ் இன்ஜின்கள் வந்தன. அவற்றில் அப்பா டிரைவர். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் முக்கியமான வண்டிகளில் பல ராத்திரி வண்டிகள். விழுப்புரத்தில் இன்ஜின் மாறும். ரன்னிங் ரூமில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, விடியற்காலை வண்டியை இழுத்துக்கொண்டு திரும்புவார்.

பகலில் அவர் தூங்க, அம்மா வாசற்படியில் காவல். உப்பு விற்பவர் தெருமுனை திரும்பும்போதே அம்மா கையைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடுவார். நாங்கள் கிசுகிசுத்தே வளர்ந்தோம். என் தங்கைக்கு இன்றும் குரல் எழும்பாது. அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் தூங்கி நான் பார்த்ததில்லை.

1994-இல் ஓய்வு, சேலையூரில் சொந்த வீடு. சண்டை அங்கேதான் தொடங்கியது. ஒன்றரை மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். அம்மா பதறி, "என்னங்க, ஆள் வந்துட்டானா?" என்பார். வாரத்துக்கு மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்பது மருத்துவக் கணக்கு. அப்பாவுடையது வருஷக்கணக்கு. காபி ஆறியிருந்தால்கூடக் கத்துவார். ஒருநாள் அம்மா பாயைச் சுருட்டிக் கூடத்துக்குக் கொண்டுபோனார். "முப்பது வருஷம் தனியாத்தானே படுத்தேன், இப்பவும் படுத்துக்கறேன்." அப்பா நான்கு நாள் பேசவில்லை.

எங்கள் வீட்டில் ராத்திரி விழிப்பு அப்பாவோடு முடியவில்லை. காசநோயாளிகளுக்கு ஓய்வையும் நல்ல காற்றையும் மருந்தாகக் கொடுக்க டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். அந்தப் பெயரையே சுமக்கும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் 1984-இல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஓய்வுக்குப் பேர்போன இடத்தில் ஷிஃப்ட்! தொழிற்சாலையில் பெண்கள் இரவு வேலை பார்க்கக் கூடாது என்ற சட்டப்பிரிவு செல்லாது என்று 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கு அடுத்த வருஷம் என் தம்பி மனைவிக்கும் மெப்ஸில் ராத்திரி வேலை.

வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும். கேட்டருகே டார்ச்சோடு அப்பா. அவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, காலண்டர் தாளில் வந்த நேரத்தைக் குறித்து வைப்பார், பழைய பழக்கம்.

கூடத்திலிருந்து, கண்ணைத் திறக்காமலே அம்மா சொல்வார்: "அடுப்ப அணைச்சீங்களா?"