பாஸ்டன் தேயிலையும் பாராமகால் நிலவரியும்

1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ், ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடமும் பிரெஞ்சுப் படையிடமும் சரணடைந்தார். அத்தோடு இங்கிலாந்தின் கையை விட்டு 13 காலனிகள் போயின. 11 ஆண்டுகள் கழித்து, 1792 மார்ச்சில், அதே காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். திப்புவின் நாட்டில் ஏறக்குறைய பாதி பறிபோனது. அதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். இன்றைய தருமபுரி அதற்குள் அடக்கம்.

அமெரிக்காவை இழந்த மனிதர்தான் தருமபுரியைப் பிடித்தவர்! இரண்டு இடங்களையும் ஆண்டது கடல் கடந்த லண்டன். ஓர் இடத்தில் புரட்சி வெடித்தது. இன்னோர் இடத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏன்?

தூரம் காரணமா?

வெகு தொலைவில் இருக்கும் அரசை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அன்றைய பாய்மரக் கப்பலில் லண்டனிலிருந்து பாஸ்டன் போக ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்னைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அதற்குப் பிறகுதான் தருமபுரிக்குப் பயணம். தூரம் மட்டுமே காரணம் என்றால் முதலில் பொங்கி எழுந்திருக்க வேண்டியது தருமபுரிதான்.

வரி காரணமா?

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அதுவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான். வரி ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ். புதிய சட்டத்தால் தேயிலையின் விலை உண்மையில் குறைந்திருக்கும். விலை குறையும்போது எதற்குக் கோபம்?

அந்தக் காலனிகள் பல தலைமுறைகளாகத் தங்கள் சட்டமன்றங்களில் தாங்களே கூடி வரி போட்டுக்கொண்டவை. 1763ல் முடிந்த ஏழாண்டுப் போரால் இங்கிலாந்துக்குக் கடன் ஏறியது. அந்தச் சுமையில் ஒரு பங்கைக் காலனிகளும் ஏற்கட்டும் என்று 1765ல் முத்திரை வரி போட்டார்கள். அதைப் போட்ட நாடாளுமன்றத்தில் அமெரிக்கர்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. எவ்வளவு என்பதைவிட "யாரைக் கேட்டுப் போட்டாய்?" என்பதே அவர்களின் கேள்வி. 1774ல் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸின் ஆட்சி உரிமைகளையும் லண்டன் வெட்டியது. மறு ஆண்டே போர் மூண்டது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கம்பெனி வங்காளத்தைச் சுரண்டியதும் 1770ன் வங்காளப் பஞ்சமும் அமெரிக்கர்களின் காதுக்கு எட்டியிருந்தன. நாளை நமக்கும் இதே கதிதான் என்று ஜான் டிக்கின்சன் போன்றவர்கள் எழுதினார்கள்.

பாராமகாலில் நடந்தது என்ன?

1792ல் பாராமகாலை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலங்களை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியிடமும் அரசே நேரடியாக வரி வாங்கும் முறையை இவர்கள் இங்கே உருவாக்கினார்கள். அதுதான் பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய ரயத்துவாரி முறை.

வரி லேசானது அல்ல. பிறகு ராயலசீமைப் பகுதியில் பணியாற்றிய மன்றோவே, அங்கே மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம் அரசுக்குப் போகிறது என்று கணக்கிட்டார். 1807ல் அதைக் கால் பங்கு குறைக்கச் சொன்னார். பாஸ்டனின் 3 பென்ஸ் எங்கே, இது எங்கே!

ஆனால் எதிர்க்க வேண்டுமென்றால் மக்கள் சேர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும். முன்நிற்க ஆள் வேண்டும். திருநெல்வேலி, சிவகங்கைச் சீமைகளில் பாளையக்காரர்கள் இருந்தார்கள். கையில் கோட்டையும் படையும் இருந்தன. அவர்கள் எதிர்த்தார்கள். 1799ல் கட்டபொம்மனும் 1801ல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். பாராமகாலிலோ பெரும்பாலான பாளையக்காரர்களை ஹைதரும் திப்புவும் ஏற்கெனவே ஒடுக்கிவிட்டார்கள். எஞ்சியது தனித்தனி விவசாயி. கையில் ஒரு பட்டா, எதிரே கலெக்டர். அவனுக்கு எந்தச் சட்டமன்றமும் இல்லை.

அந்த அமைதி சம்மதம் ஆகிவிடுமா? 1855ல் சென்னை மாகாணத்தில் நடந்த அரசு விசாரணையே, வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1824ல் கவர்னராக இருந்த மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். மக்களுக்குக் குரலே இல்லாத நிலையில் அவர்களுக்காக நாம் சட்டம் போடுகிறோம் என்பது அதன் கருத்து. பாஸ்டன்காரர்கள் கேட்ட அதே கேள்வியை ஆள்பவரே எழுப்பிக்கொண்டார் என்று சொல்லலாம்.

ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. அமெரிக்கக் குடியேறிகள் தங்களை ஆங்கிலேயர் என்றே கருதி, ஆங்கிலேயரின் உரிமையைக் கேட்டவர்கள். செவ்விந்தியர்களின் நிலத்தைப் பிடித்தவர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. நம் விவசாயி தோற்ற நாட்டின் குடிமகன். கேட்பதற்கு அவனுக்கு அப்படி ஓர் உரிமை எழுத்தில்கூட இல்லை.

பாப்பாரப்பட்டி

சேர்ந்து நிற்கும் இடம் 20ம் நூற்றாண்டில்தான் உருவானது. 1908ல் வ.உ.சி.யுடன் கைதான சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, 1912ல் விடுதலையானார். நோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏற விடவில்லை. நடந்தே ஊர் ஊராகப் பேசினார். கடைசியில் அவர் தங்கியது தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில். அங்கே நிலம் வாங்கி பாரதாசிரமம் அமைத்தார். பாரத மாதா கோவிலுக்கு 1923ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அங்கேயே காலமானார்.

5 ஆண்டுகள் கழித்து, 1930ல், நாடே உப்புக்காக எழுந்தது. அன்று தேயிலை, இன்று உப்பு. இரண்டுமே சமையலறைச் சாமான். இரண்டிலும் வரித் தொகையைவிட அதைப் போடும் உரிமை யாருக்கு என்பதே சண்டை. 1792ல் பாராமகால் விவசாயிக்கும் இந்தக் கேள்வி இல்லாமல் இருந்திருக்காது. அதைக் கூடிக் கேட்க ஓர் இடம் கிடைக்கத்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.