செட்டிபாளையமும் எழுவான்கரையின் கோயிற் கொடையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே வாவியும் இருமருங்கும் நெருங்கி நிற்க, அவற்றிடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில், குருக்கள்மடம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி என ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்லும் ஊர்களின் வரிசையில் அமைந்தது செட்டிபாளையம். தென்னைக்கு உகந்த இம்மணல் நெல்லுக்கு உகந்ததன்று. ஆதலால் எழுவான்கரையில் வீடும் வளவும் கோயிலும் கொண்டு வாழ்ந்த மக்கள், வாவியைக் கடந்து படுவான்கரையில் வேளாண்மை செய்து, விளைந்த நெல்லைத் தோணியேற்றி ஊருக்குக் கொண்டுவந்தனர். இப்பிரதேசத்தின் கோயிற் கொடையினுடைய சரித்திரத்தை அறிய விரும்புவோர், கோபுரங்களை நோக்குமுன் அந்த நெல் வந்த வழியைத்தான் நோக்கவேண்டும்.

பெரும்போக வேளாண்மை மாசி, பங்குனி மாதங்களில் வெட்டப்பட்டு, சூடு வைத்து மிதிக்கப்படும்போது, களவெட்டியிலேயே பங்குகள் பிரிந்துவிடும். நிலவுடைமையாளரான போடியாருக்கு ஒரு பங்கு, அவருடைய வயலைச் செய்யும் முல்லைக்காரருக்கு ஒரு பங்கு, வாய்க்காலையும் வேலியையும் மேற்பார்த்த வட்டவிதானையாருக்கு ஒரு பங்கு, ஊர்த்தொழில் செய்வோருக்கு ஒரு பங்கு என்று நெல் அளக்கப்பட்ட அந்த வேளையில், தெய்வத்தின் பங்கும் அளக்கப்பட்டது. மரைக்காலால் அளந்து ஒதுக்கிய அந்த நெல்லை எவரும் தர்மம் என்று சொல்லிப் பெருமைப்பட்டதில்லை. வேளாண்மைச் செலவுகளுள் ஒன்றாகவே அது கருதப்பட்டது. களஞ்சியம் நிறைந்த இரண்டொரு மாதத்துள் வைகாசி பிறக்கும். மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில், ஆண்டு முழுவதும் அடைத்திருந்த கதவு திறக்கப்பட்டுச் சடங்கு தொடங்குவது அம்மாதத்திலேதான். கொடுப்பவனிடம் பொருள் இருக்கும் காலத்தையே கேட்கும் காலமாக அமைத்த முன்னோரின் விவேகத்தை நாம் வியவாதிருக்க முடியாது.

செட்டிபாளையத்துக் கண்ணகை அம்மன் கோயில் இம்மரபைச் சேர்ந்தது. கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், நெற்குற்றுதல், பொங்கல், குளிர்த்தி என்று தொடரும் சடங்குகளில், கப்புகனார் பூசை செய்ய, கண்ணகி கதையைக் கூறும் வழக்குரை காவியம் இரவிரவாகப் படிக்கப்படுகிறது. ஏட்டில் வழங்கிய அக்காவியத்தை ஒப்புநோக்கிப் பதிப்பித்த பண்டிதர் வி. சீ. கந்தையா, 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் இப்பிரதேசத்தின் வழிபாட்டு வழக்கங்களைப் பதிவுசெய்து வைத்த பேருபகாரம் நினைக்கத்தக்கது.

சடங்குக்கு முந்திய நாட்களில் பெண்கள் மடிப்பிச்சைக்குப் புறப்படுவர். நோய் நீங்கவோ, பிள்ளை வரம் வேண்டியோ அம்மாளுக்கு நேர்ந்துகொண்டவள், தன் வீட்டிலே களஞ்சியம் நிறைய நெல் கிடந்தாலும், சேலை முந்தானையை ஏந்தி வீடு வீடாகச் சென்று, கிடைத்த அரிசியைக் கோயிலிற் சேர்ப்பாள். போடியாரின் மனைவி தன் வயலில் வேலைசெய்பவனுடைய குடிசை வாசலில் மடியேந்தி நிற்பதும், அக்குடிசைக்காரி உள்ளே சென்று அள்ளிவந்த பிடி அரிசியை அந்த மடியில் இடுவதும் இவ்வழக்கத்தில் நிகழக்கூடியவை. கொடுப்பவனின் அகங்காரத்தையும் பெறுபவனின் கூச்சத்தையும் ஒருங்கே கரைக்க இதைக்காட்டிலும் சிறந்ததோர் உபாயத்தை நான் அறியேன். வறியவளின் கைப்பிடி அரிசி அந்த மடியிலே செல்வர் வீட்டு அரிசியோடு கலந்துவிட்டபின், பொங்கற்பானையிலே எது எவருடையதென்று பிரித்தறிய எவராலும் இயலாது. மிசோரம் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டு முதலாக, சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று எடுத்துவைத்து வருகின்றனர் என்பதை அறியும்போது, ஏழையும் கொடையாளியாகும் வழி தேசந்தோறும் அடுப்பங்கரையிலேயே பிறந்திருப்பது புலனாகின்றது.

இக்கொடைகளை ஓர் ஒழுங்கிற் கட்டிவைத்தது குடி முறை. மட்டக்களப்பில் குடியென்பது தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடியையே சேரும். காலிங்காகுடி, உலகிப்போடிகுடி, படையாட்சிகுடி, பணிக்கனாகுடி முதலாகப் பல குடிகள் இப்பகுதியில் உள. கோயிற் சடங்கின் இன்ன நாள் இன்ன குடிக்குரியது என்று வகுக்கப்பட்டிருப்பதால், அந்நாளின் எண்ணெய், அரிசி, தேங்காய், வெற்றிலை, மேளம் ஆகிய சகல செலவும் அக்குடியைச் சார்ந்த குடும்பங்களிடையே பங்கிடப்படும். தன் குடியின் பூசை குறைவுபடுவது தாயின் பெயருக்கு இழுக்கென்று கருதியவர்களிடம் வற்புறுத்திக் கேட்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் நேரவில்லை. பங்கு கொடுப்பது கடமையாயிருந்ததோடு உரிமையாகவும் இருந்தது. கொடாதிருப்பவன் பணத்தை மிச்சம் பிடித்தவனாகான், ஊரில் தன் இடத்தை இழந்தவனாவான். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இப்பிரதேசத்து முக்குவர் சமூகத்தின் தாய்வழிச் சொத்துரிமையை நீக்கிய பின்னரும், வயல்களின் உரித்து வேறு வழியிற் சென்ற பின்னரும், கோயிற் பங்கு மட்டும் தாயின் குடிவழியே நிலைத்து நிற்கின்றது.

சேர்ந்த பொருளைக் காக்கும் பொறுப்பு வண்ணக்கருடையது. கோயில் ஆபரணங்களும் காணிகளும் வருமானமும் அவருடைய பரிபாலனத்தில் இருக்கும். தலைமைக் குடிகள் தத்தமக்கென வண்ணக்கரைப் பெற்றிருக்கும் கோயில்களில், ஒருவர் கணக்கை மற்றவர் நோக்குவது இயல்பாகவே நிகழும். சடங்கு முடிந்ததும் ஊர்க்கூட்டத்தின் முன் வரவுசெலவு வாசிக்கப்படவேண்டும் என்பது எழுதா விதி. திருகோணமலைக் கோணேசர் கோயிலின் கைங்கரியங்களையும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோரின் கடமைகளையும் வகுத்துச் சொல்லும் கோணேசர் கல்வெட்டை நோக்குவோர், கிழக்கிலங்கையில் இச்சிந்தனை எவ்வளவு பழையதென்பதை உணர்வர். அதற்கும் முன்னரே, தஞ்சைப் பெருங்கோயிலிலே இராஜராஜன், தானும் தமக்கையும் தேவிமாரும் கொடுத்தவற்றோடு ஏனையோர் கொடுத்தவற்றையும் அதே கல்லில் வெட்டுவித்தான். ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்று கணக்கிட்டு, அவற்றைப் பொறுப்பேற்றவன் குறையாமற் காக்கவேண்டும் என்று விதித்த சோழர்காலத்து வழக்கில், கொடுத்தவனைக் காட்டிலும் பொறுப்பேற்றவனுக்கே சுமை மிகுதி.

இம்முறை சைவருக்கு மாத்திரம் உரியதன்று. மட்டக்களப்புத் தென்பகுதி முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளை உடையவர்களாய், குடிக்கொரு மரைக்காயர் வீதம் பள்ளிவாசல் பரிபாலனத்தை நடத்திவந்தனர். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் வந்த பிறகே அம்முறை மாறத் தொடங்கிற்று. 1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதோடு தொடங்கிய மெதடிஸ்த சபையிலும், அறுப்பின் பண்டிகையன்று முதற்பலன்களை ஆலயத்துக்குக் கொணர்ந்து ஏலமிடும் வழக்கம் வேரூன்றிற்று.

குறைகளை மறைப்பது சரித்திரமாகாது. கோயில் மரியாதையான காளாஞ்சி முதலில் எவர் கையிற் கொடுக்கப்படவேண்டும் என்ற முன்னீட்டுப் பிணக்கால் சடங்குகள் தடைப்பட்டதும், வழக்குகள் வருடக்கணக்காய் நீண்டதும் இப்பிரதேசம் அறிந்தவையே. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், கோயிலில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து தர்மகர்த்தாவின் மேல் வழக்கிடலாம் என்று வழிதிறந்தபின், ஊர்க்கூட்டத்திலே தீரவேண்டியவை நீதிமன்ற வாசலுக்குச் சென்றன. இவற்றினும் பெரிய குறை வேறொன்று. சாதியிற் கீழானவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் உழைப்பைக் கோயில் ஏற்றது. அவர்களுக்குப் பங்கையும் பிரவேசத்தையும் மறுத்தது. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும் அந்த அநீதி ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. எல்லார் கையும் படவேண்டிய கொடையில் சிலர் கையை விலக்கியது அம்மரபு தன் தர்மத்துக்கே இழைத்த துரோகம் என்று கூற நான் தயங்கேன்.

1978 நவம்பர் 23ஆந் தேதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களையும் கோயில்களையும் ஒருங்கே சாய்த்தது. பின் யுத்தம், அதன் நடுவே 2004இன் ஆழிப்பேரலை. ஊரைவிட்டுச் சென்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய பிள்ளைகள் அனுப்பிய பணம் கோயில்களை எழுப்பிற்று. அந்த அன்பை எவரும் குறைகூறலாகாது. ஆயினும் ஒருவரே ஒரு மண்டபத்தைக் கட்டிக்கொடுத்து அதில் தம் பெயரைப் பொறிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியின் பிடி அரிசிக்கு அங்கே வேலையில்லாமற் போகின்றது. பெருந்தொகை வரும் இடத்திலே சிறு பங்கைக் கேட்கும் சிரமத்தை நிர்வாகம் விட்டுவிடுகின்றது. கேட்கப்படாதவர் கணக்கைக் கேட்பதையும் விட்டுவிடுகின்றார். தொகை சிறிதாயினும் ஒவ்வொரு குடும்பத்தினிடமும் ஆண்டுதோறும் பங்கு கேட்கும் கோயிலே மக்களுடைய கோயில் என்பது என் துணிபு.

செட்டிபாளையத்தாரையும் அயலூராரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. வண்ணக்கர்மார் வீட்டுப் பெட்டகங்களிலே கிடக்கும் பழைய கணக்குக் கொப்பிகளையும், எந்நாள் எக்குடிக்கு என்று குறித்த ஏடுகளையும் கறையானுக்கு இரையாக விடாதீர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் சேமித்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் துணையோடு அவற்றைப் படியெடுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து அடுத்த கொடை வரும்போது, அதில் ஒரு சிறு பகுதியை இவ்வேலைக்கென ஒதுக்குங்கள்.