கூலியும் மதிப்பும்

கூலி உயர்ந்தால் தொழிலாளியின் உள்ளம் நிறைந்துவிடுமா? ஃபோர்டு நிறுவனத்தின் வரலாறு விடை பகர்கின்றது.

1913இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், கார் தொழிலாளியை நாடி நகர்ந்துவரும் முறை புகுந்தது. அடிச்சட்டம் பொருத்த 12 மணிக்குமேல் பிடித்த வேலை, மறு ஆண்டிற்குள் ஒன்றரை மணியாயிற்று. நாளெல்லாம் ஒரே திருகாணியை முடுக்கிச் சலித்தோர் கூட்டங்கூட்டமாக விலகினர்.

1914 சனவரியில் வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைந்தது. நாளொன்றுக்கு 5 டாலர் கிடைக்குமென அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வாயிலில் திரண்டனர். ஆனால், அத்தொகையை முழுமையாகப் பெற, வீடு தேடிவந்து குடிப்பழக்கத்தையும் சேமிப்பையும் துருவும் நிறுவன ஆய்வாளரைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கூலியை விரும்பினர், கண்காணிப்பை வெறுத்தனர். 1941 ஏப்ரலில் ஃபோர்டின் ரிவர் ரூஜ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் சங்க உரிமைக்காகவே. கூலி வயிற்றை நிரப்பும். மதிப்பே தலையை நிமிர்த்தும்.