அடுத்த பாடத்தின் பூட்டு

இணையத்தின் வாயிலாக நடைபெறும் கணக்கியல் வகுப்பு ஒன்றில் சில காலத்துக்கு முன் நான் மாணவனாகச் சேர்ந்தேன். முதற் பாடத்தில் சொல்லப்பட்டவை யாவும் எனக்கு முன்பே தெரிந்தவை. ஆகவே, இரண்டாம் பாடத்துக்குச் செல்ல முயன்றேன். அதன் அருகில் ஒரு சிறு பூட்டின் படம் இருந்தது. முதற் பாடத்தின் காணொளி முழுவதும் ஓடி முடிந்தால்தான் பூட்டுத் திறக்குமாம். அதை ஓடவிட்டு, அடுக்களைக்குச் சென்று காப்பி அருந்தித் திரும்பினேன். பூட்டுத் திறந்திருந்தது! நான் கற்றேனா என்பதை அது அறியவில்லை. கடிகாரம் நகர்ந்ததை மட்டுமே அறிந்தது.

இத்தகைய பூட்டை யார், எதற்காக அமைத்தார்கள் என்று அறியும் ஆவல் அன்று எனக்கு உண்டாயிற்று. அந்த வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பாடம் மனத்தில் பதிந்த பிறகே அடுத்த பாடம் என்னும் கொள்கை பழமையானது. நம் திண்ணைப் பள்ளிகளில் அந்த வாயிலைக் காத்தவர் சட்டாம்பிள்ளை. 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் புதல்வர்களுக்கான அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார். இந்நாட்டுச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குச் சிறு சிறு பாடங்களாகக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலுக்குப் பின், அம்முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயராலேயே மேல்நாடுகளில் பரவியது.

சட்டாம்பிள்ளை நின்ற இடத்தில் இயந்திரத்தை நிறுத்த முற்பட்டவர், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சிட்னி பிரெஸ்ஸி. 1920-களில் அவர் அமைத்த பெட்டியில் நான்கு விசைகள் இருந்தன. பெட்டியின் சாளரத்தில் ஒரு வினாவும் நான்கு விடைகளும் தோன்றும். சரியான விசையை அழுத்தும் வரையில் அடுத்த வினா வராதபடி அதை அமைக்கவும் முடிந்தது. பொருளாதார மந்தம் சூழ்ந்த 1932-இல், போதிய ஆதரவின்றி அம்முயற்சியை அவர் கைவிட நேர்ந்தது.

1953-இல் ஹார்வர்டுப் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் பி. எப். ஸ்கின்னர், தம் மகள் பயின்ற வகுப்பில் பெற்றோர்களுள் ஒருவராக அமர்ந்து கணக்குப் பாடத்தைக் கவனித்தார். விரைவில் முடித்த பிள்ளைகள் வாளா இருந்தனர். முடிக்க இயலாத பிள்ளைகள் திகைத்துக் கிடந்தனர். தம் விடை சரியா என்பதை அறிய எல்லாருமே காத்திருக்க வேண்டியதாயிற்று. இக்குறையைப் போக்கவே அவர் கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பாடம் மிகச் சிறிய படிகளாகப் பகுக்கப்பட்டது. மாணவன் விடையை எழுதி நெம்பைத் தள்ளினால், அவன் எழுதியது கண்ணாடிக்குக் கீழே சென்றுவிடும். சரியான விடை வெளிப்படும். எழுதியதைத் திருத்தவும் வழியில்லை, முன்னே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. நோக்கம் கருணை மிக்கது. ஆனால் வழியோ ஒன்றே ஒன்று.

அதை மறுத்தவர் நார்மன் கிரவுடர். அமெரிக்க விமானப் படையில், பழுதுபட்ட மின்னணுக் கருவிகளைச் சீர்செய்யப் பயிற்றும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். தவறான விடை தண்டிக்கத்தக்கதன்று, மாணவன் எங்கே வழிதவறினான் என்பதைக் காட்டும் அடையாளம் அது என்பது அவர் கொள்கை. 1960-இல் கணினியின் எண்கணிதம் பற்றி அவர் எழுதிய நூலின் பக்கங்கள் வரிசையாகப் படிப்பதற்கு உரியவை அல்ல. ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு பக்க எண் இருக்கும். பிழையான விடையைத் தேர்ந்தவன் செல்லும் பக்கத்தில் அவனுடைய பிழைக்குரிய விளக்கம் கிடைக்கும். பிறகு பழைய வினாவுக்கே அவன் திரும்புவான்.

அதே 1960-ஆம் ஆண்டில், இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்பவரும் அவருடைய குழுவினரும் ‘பிளேட்டோ’ என்னும் கணினிக் கல்வி முறையைத் தொடங்கினர். கேள்விகளுக்குச் சரியான விடை அளிக்காமல் ‘தொடர்க’ என்ற விசையை அழுத்திப் பயனில்லை. ஆனால் பக்கத்திலேயே ‘உதவி’ என்றொரு விசை உண்டு. அதை அழுத்தினால் கிளைவழியில் எளிய விளக்கங்கள் வரும். அவற்றின் நடுவிலேயே பொருள் விளங்கிவிட்டால், மாணவன் மற்றொரு விசையை அழுத்தி மூலப் பாடத்துக்குத் திரும்பலாம். அவ்விசையின் பெயர் ‘ஆகா!’ என்பதாகும். ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்று சொல்லும் உரிமையை அந்தச் சிறு விசை மாணவனுக்கு அளித்தது. இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த செய்தி இதுவே.

இன்றைய காலத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மார்ட்டின் டூகியமாஸ் 2002-இல் ‘மூடில்’ என்னும் இணையக் கல்வி மென்பொருளின் முதற் பதிப்பை வெளியிட்டார். யார் வேண்டுமாயினும் விலையின்றிப் பெற்றுத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்க மென்பொருள் அது. 2010-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் பாடங்களுக்குப் பூட்டிடும் வசதி சேர்ந்தது. குறித்த நாள் வரவேண்டும், முன்னைய பாடம் முடிந்திருக்கவேண்டும், இத்தனை மதிப்பெண் பெற்றிருக்கவேண்டும் என்றெல்லாம் ஆசிரியர் நிபந்தனை விதிக்கலாம். அன்றியும், பூட்டிய பாடத்தைக் காரணத்துடன் மாணவன் கண்ணுக்குக் காட்டுவதா, அடியோடு மறைத்துவிடுவதா என்பதையும் ஆசிரியரே முடிவு செய்யலாம்.

இந்த முடிவு சிறியதன்று. முன்னே என்ன இருக்கிறது, அதை எவ்வாறு அடைவது என்று அறிந்தவன் ஊக்கத்தோடு நடப்பான். ஒன்றையும் அறியாதவன் பிறர் இழுத்த இழுப்புக்குச் செல்பவனாகிறான். கூட்டல் தெரியாதவனைப் பெருக்கலுக்கு அனுப்புவது அன்பாகாது. எனவே வரிசை வேண்டியதே. ஆயினும் பூட்டுச் சோதிக்கவேண்டியது அறிவையேயன்றிக் கழிந்த நேரத்தை அன்று. பூட்டிய கதவும் கண்ணுக்குத் தெரியவேண்டும். முன்பே கற்றவன் தன் தேர்ச்சியைக் காட்டி உடனே கடந்துபோகவும் வழி இருக்கவேண்டும்.

மாணவனை நேரில் கண்ட சட்டாம்பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்பதை அறிந்திருப்பான். கணினிக்கு முகம் பார்க்கும் பழக்கம் இல்லை. ஆதலால் அதில் பாடம் அமைக்கும் ஆசிரியர்கள், பூட்டு ஒன்றை வைக்கும்போதெல்லாம், அதன் அருகில் ‘ஆகா’ என்னும் விசை ஒன்றையும் மறவாமல் வைப்பார்களாக.