கடாரம் எவ்வளவு தூரம்?



கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் இந்தக் கரையோரத்து ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய தூரம் இன்னொன்று உண்டு. அதுதான் மலாயா, சிங்கப்பூர் தூரம். அதைக் கிலோமீட்டரில் யார் சொன்னார்கள்? நாள் கணக்கில்தான் சொன்னார்கள்.

சோழர் காலத்தில் அது பருவக் கணக்கு. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போனால், வடகிழக்குக் காற்று வீசும்வரை திரும்ப வழியில்லை. அப்படியும் போய்வந்தார்கள். 1025 வாக்கில் இராசேந்திரனின் படை கடாரம் சென்றது. இன்றைய மலேசியாவின் கெடாதான் அது. காம்போச அரசன் காட்சிப்பொருளாகத் தந்த கல் தில்லைக் கோயிலில் வைக்கப்பட்டதை, முதற் குலோத்துங்கன் காலத்து 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா'வை நம் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். ரயிலேறி நாகப்பட்டினம் போய், படகில் சென்று கப்பலேறணும். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஒரு வாரம் போல ஆகும். டெக்கில் பாய் விரித்துப் படுத்தவர்களே அதிகம். 1973இல் ரஜூலா ஓய்ந்தது. அடுத்து ஓடிய கப்பலின் பெயரே 'சிதம்பரம்'! 1985 பிப்ரவரியில் அது கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அதோடு அதன் ஓட்டமும் முடிந்தது.

ஒரு வாரம் என்றால் சும்மாவா? அப்பா காலமான தந்தி கிடைத்தாலும் மகன் வந்து கொள்ளி வைக்க முடியாது. பங்காளி வைப்பார். மகன் வருவது கருமாதிக்கு. அதுவும் சமயத்துக்குக் கப்பல் இருந்தால்தான். எத்தனையோ வீடுகளில் அந்தக் குறை கடைசிவரை தீரவில்லை.

இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழி சுமார் 2,900 கி.மீ. நாலேகால், நாலரை மணி நேரம். சிதம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் போகவும் ஏறக்குறைய அதே நேரம்தான்! மூன்று மணி முன்னதாகப் போய்க் காத்திருப்பதையும் சேர்த்தால், வாசலுக்கு வாசல் அரை நாளுக்குச் சற்று மேல். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். திருச்சியிலிருந்தும் நேர் விமானம் உண்டு. அதற்குப் போகும் சாலை, கடாரம் கொண்டவனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் வழியாகத்தான் போகிறது!

ஆக, மகனைத் தடுத்து நிறுத்திய கடல் இன்று இல்லை. மிச்சம் இருப்பது லீவும் டிக்கெட் காசும்தான். நாளை வெளிநாடு போகப்போகும் தம்பிகளே, தங்கைகளே, "ஒரு போன் போடும்மா, மறுநாள் விடியறதுக்குள்ள வந்துடுவேன்" என்று அம்மாவிடம் கணக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அந்த ஒரு வாரத்தைக் கடக்க முடியாமல் தவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.