ஒரு மலைக்கிராமமும் ஐயாயிரம் விருந்தாளிகளும்

அல்பேர் காம்யுவின் 'அந்நியன்' (வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்தது, விக்ரம் படம் இல்லை சாமி :)) படிச்சவங்க நம்ம வட்டாரத்துல நிறைய பேர் உண்டு. அவரோட 'கொள்ளைநோய்' நாவல் 1947-ல் வந்தது. அதுக்காக அவர் உட்கார்ந்து எழுதின இடங்கள்ல ஒண்ணு, தெற்கு பிரான்சில் இருக்கிற ஒரு மலைமேடு. காசநோய்க்கு ஓய்வெடுக்க 1942-ல் அங்கே போயிருந்தார். அவர் தங்கின வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிராமம், பேரு லெ ஷாம்போன். அதே மாதங்களில் அந்த ஊர்க்காரங்க நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவங்களை வீட்டுக்கு வீடு ஒளிச்சு வெச்சிருந்தாங்க.

இந்த ஊரைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். கத்தோலிக்க பிரான்சில் இது ஒரு புராட்டஸ்டன்ட் தீவு. 1685-ல் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறிச்சார். அப்புறம் நூறு வருஷம் காட்டுக்குள்ள ரகசிய வழிபாடு, பிடிபட்டா சிறை. மரி துராங் என்ற பெண் தன் நம்பிக்கையை விட மறுத்ததால் 38 வருஷம் ஒரு கோபுரத்தில் அடைபட்டுக் கிடந்தார். இந்தக் கதைகளைப் பாட்டி வாயால கேட்டு வளர்ந்த ஊர் அது. போலீஸ் தேடுற ஆளை ஒளிச்சு வைக்கிறது அவங்களுக்குப் புது விஷயம் இல்லை.

1934-ல் அந்த ஊருக்குப் போதகராக வந்தவர் அந்த்ரே த்ரோக்மே. போர் எதிர்ப்பாளர். கூட எதுவார் தெய்ஸ் என்ற இன்னொரு போதகர். 1940 ஜூன் 22-ல் பிரான்ஸ் ஜெர்மனியோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது. மறுநாள் ஞாயிறு. மனசாட்சிக்கு விரோதமா யார் கட்டாயப்படுத்தினாலும் ஆன்மாவின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்கணும்னு பிரசங்கத்துல சொல்லிட்டாங்க. சொல்றது சுலபம், இல்லையா?

முதல் ஆள் வந்தது அந்தப் பனிக்காலத்துல. ஜெர்மனியிலிருந்து ஓடி வந்த ஒரு யூதப் பெண். கதவைத் திறந்தது த்ரோக்மேயின் மனைவி மாக்தா. உள்ளே கூப்பிட்டு, நனைஞ்ச ஷூவை உலர்த்த அடுப்புல வெச்சாங்க, அது கருகிப் போச்சு! எல்லாமே ரேஷன்ல கிடைக்கிற காலத்துல வேற ஷூவுக்கு ஊரெல்லாம் அலையணும். இதுக்கு நடுவுல அந்தம்மாவுக்கு ஏதாவது அடையாளச் சீட்டு கிடைக்குமான்னு மேயரிடம் கேட்கப் போனா, அவர் காலையில அவளை ஊரைவிட்டு அனுப்புன்னு கத்தினாராம். அதிகாரிங்களிடம் கேட்டா வேலைக்கு ஆகாதுன்னு மாக்தாவுக்கு அன்னைக்கே புரிஞ்சு போச்சு.

இன்னொரு பக்கம், பிரனீஸ் மலையடிவாரத்துல குர்ஸ் முகாம். 1939-ல் ஸ்பெயின் அகதிகளுக்காகக் கட்டினது. 1940 அக்டோபரில் ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்து சுமார் 6,500 யூதர்களைக் கொண்டுவந்து இங்கே கொட்டினாங்க. சேறு, பசி, நோய். அந்த முள்வேலிக்குள்ளேயே போய்க் குடியிருந்து வேலை செஞ்சவங்க சிமாத் என்ற புராட்டஸ்டன்ட் இளைஞர் அமைப்பினர். தலைமை மத்லேன் பாரோ, வயசு 31. நம்மள்ல பாதிப் பேர் அந்த வயசுல ஆன்சைட்டுக்கு விசா கிடைக்குமான்னு கவலைப்பட்டுட்டு இருப்போம்.

முகாம்லேர்ந்து குழந்தைகளை வெளியே எடுக்கலாம், ஆனா அவங்களை ஏத்துக்க எந்த ஊரும் தயாரா இல்லை. இதை மார்செய் நகரில் ஒரு அமெரிக்க க்வேக்கர் தொண்டர் சொன்னப்போ, எங்க ஊர் தயார்னு த்ரோக்மே சொல்லிட்டார். சுவிஸ் தொண்டர்கள் 1941-ல் அங்கே முதல் விடுதியைத் திறந்தாங்க, 1942-ல் சிமாத் ஒண்ணு திறந்தது. மீதிப் பேர் பண்ணைவீடுகள்ல.

1942 ஆகஸ்டில் போலீஸ் பஸ்களோட வந்தது. யூதர் பட்டியல் கொடுன்னு கேட்டாங்க. த்ரோக்மே தர மறுத்துட்டார். அதுக்குள்ள எல்லாரும் காட்டுக்குள்ள. சில வாரம் தேடியும் சிக்கினவங்க விரல்விட்டு எண்ணக்கூடியவங்கதான். பிறகு சிமாத் ஆட்கள் பலரை மலைப்பாதை வழியா சுவிட்சர்லாந்துக்குக் கடத்தினாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி. அம்மாவோட தப்பி வந்த 19 வயசுப் பையன், டைப்ரைட்டர் ரிப்பேர் தெரியும். ஊர்ல உட்கார்ந்து கள்ள அடையாள அட்டை தயாரிக்க ஆரம்பிச்சான். சாமானையெல்லாம் ஒளிச்சு வெச்சது பண்ணைக்காரரின் தேனீப் பெட்டிகளுக்குள்ள. (எந்தப் போலீஸ் கை விடும்?) பொய்யே சொல்லக்கூடாதுன்னு போதிக்கிற ஊர், பொய் முத்திரையால உயிர் காப்பாத்துது. த்ரோக்மேவுக்கு இது உறுத்தாம இல்லை. ஆனாலும் தடுக்கலை.

1943 பிப்ரவரியில் த்ரோக்மே, தெய்ஸ், பள்ளித் தலைமையாசிரியர் தார்சிசாக் மூணு பேரையும் கைது பண்ணினாங்க. ஒரு மாசம் கழிச்சு, மார்ஷல் பெத்தானின் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிவோம்னு கையெழுத்துப் போட்டா விடுதலை. தார்சிசாக் அரசுப் பள்ளி ஊழியர், போட்டுட்டு வெளியே வந்தார். போதகர்கள் ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டாங்க. மறுநாளே மேலிடத்து உத்தரவுல அவங்களையும் விட்டுட்டாங்க! தார்சிசாக்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. குடும்பஸ்தன், சம்பளம் கொடுக்கிறது அரசாங்கம்.

எல்லாமே நல்லபடியா முடியலை. 1943 ஜூன் 29-ல் ஜெர்மன் போலீஸ் மாணவர் விடுதி ஒண்ணைச் சுத்தி வளைச்சது. பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே, போதகரின் உறவுக்காரர், அப்போ வேற வீட்ல இருந்தார், ஓடியிருக்கலாம். பசங்க தனியா இருக்காங்கன்னு திரும்பி வந்தார். 18 மாணவர்களோட அவரையும் கொண்டு போனாங்க. 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் செத்துப் போனார்.

எத்தனை பேரைக் காப்பாத்தினாங்க? பொதுவா சொல்ற கணக்கு அந்த மலைமேடு முழுக்க 5,000 பேர், அதுல 3,000-லிருந்து 3,500 வரை யூதர்கள். வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க. யார்கிட்டயும் லிஸ்ட் இல்லை, இருந்திருந்தா அதுவே ஆபத்து. 1990-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அமைப்பு தனி ஆட்களோட நிறுத்தாம, மொத்த ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்தே கௌரவம் கொடுத்தது.

நம்ம தேனீப் பெட்டிப் பையன் போருக்கப்புறம் டாக்டர் ஆனார். 1943-ல் சிறுவனா அந்த ஊருக்கு வந்து பிழைச்ச இன்னொருத்தர், பிற்காலத்தில் மருந்தாளுநர், 2020 டிசம்பரில் 90 வயசுல இறந்தார். உயிலைத் திறந்து பார்த்தா, சுமார் 20 லட்சம் யூரோ லெ ஷாம்போன் ஊருக்கு எழுதி வெச்சிருந்தார். ஊர்ப் பிள்ளைங்க படிப்புக்கு.