சுவர்ப் பல்லியும் கள்ளிக்காட்டுப் பல்லியும்

பல்லி என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவில் எழுபவை இரண்டு. ஒன்று, பஞ்சாங்கத்தில் அச்சாகும் 'பல்லி விழும் பலன்'. மற்றொன்று, காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் பொன், வெள்ளிப் பல்லிகள். முன்னது அச்சம், பின்னது அவ்வச்சத்திற்குப் பரிகாரம். சங்கப் பாடல்களில் நாம் சந்திக்கும் பல்லியோ வேறு. அது எவர் தலைமீதும் விழுவதில்லை. ஒலிக்கிறது, மனிதர் செவி சாய்க்கின்றனர்.

காப்பியஞ் சேந்தனாரின் நற்றிணைப் பாடலில் (246) அது வீட்டின் உயர்ந்த சுவரில் இருந்து குரல் கொடுக்கிறது. தலைவன் வருவான் என்பதற்கு அதனையே நன்னிமித்தமாகக் காட்டித் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடலிலோ (16) கள்ளிக்காட்டில் சிவந்த கால்களையுடைய பல்லி தன் துணையை அழைக்கிறது. ஆறலை கள்வர் அம்பு முனையை நகத்தில் வைத்துப் புரட்டிப் பார்க்கும் ஓசையை அக்குரலுக்கு உவமையாக்குகிறார் புலவர். இரண்டும் பாலைத்திணை, ஆயினும் ஒன்று மனைக்குரியது, மற்றொன்று காட்டிற்குரியது. வாழிடத்தைப் புலவர்கள் குழப்பவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இவ்வேறுபாட்டை விலங்கியலும் உறுதி செய்கிறது. 'ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனேட்டஸ்' என்னும் வீட்டுப் பல்லி வெளிறிய நிறமும் வழவழப்பான முதுகும் உடையது. வாலில் மட்டும் சிறு முட்கள் வரிசையாக அமைந்திருக்கும். விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருந்து 'டிக் டிக்' என ஒலிப்பது பெரும்பாலும் இதுவே. 'ஹெமிடாக்டைலஸ் லெஷனால்ட்டி' உருவில் பெரியது. மரப்பட்டையை ஒத்த சாம்பல் நிற வரிகளால் அடிமரத்தோடு ஒன்றி மறைவது. இவ்விரண்டையும் உலகிற்கு அறிமுகம் செய்த நூல் 1836-இல் பாரிசில் வெளிவந்தது. வறண்ட நிலத்திலும் கறையான் புற்றுகளிலும் வாழும் 'ஹெமிடாக்டைலஸ் ட்ரைட்ரஸ்' கருவிளிம்பிட்ட வெண்பட்டைகளால் தனித்துத் தெரியும். அதனை 1802-இலேயே தோதேன் பெயரிட்டார்.

சுவாமிமலை பெயரளவில் மலை. உண்மையில் அறுபது படிகள் ஏறிச் சேரும் கட்டுமலை. வயல் சூழ்ந்த காவிரிச் சமவெளியில் பாறைப் பிளவுகளை நாடும் பல்லிகளுக்கு இயற்கையான இடமில்லை. சுவரையும் மரத்தையும் பற்றி வாழ்பவற்றுக்கே உண்டு. பாறைப் பல்லிகளைக் காணக் குன்றுகளுக்குத்தான் செல்லவேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மஞ்சள் நிறம் பெறும் பொற்பல்லியை 1870-இல் பெட்டோம் திருப்பதி மலையிலிருந்து விவரித்தார். விரல்நுனியில் அகன்ற திண்டுகள் இல்லாத, வட்டக் கண்மணியுடைய பகற்பல்லி ஒன்று 2000-இல் ஏற்காட்டின் பெயரையே பெற்றது. நம் மலைகளின் பல்லிகள் இன்னும் முழுமையாக எண்ணி முடிக்கப்படவில்லை.

சுவாமிமலைக்கு அருகிலுள்ள கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் ஆசிரியரான உ.வே. சாமிநாதையர், 1937-இல் குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டார். ஓலையில் மறைந்து கிடந்த அந்தச் செங்காற் பல்லி நமக்கு மீண்டது இத்தகைய பதிப்பாசிரியர்களின் உழைப்பால். சுவரில் இருப்பதையோ நாம் துடைப்பத்தால் விரட்டுகிறோம், நஞ்சுடையது என்று நம்பி. பல்லி இனம் எதற்கும் நஞ்சு கிடையாது. உணவில் விழுந்தால் கேடு செய்யக்கூடியவை அதன் உடலிலும் எச்சத்திலும் உள்ள நுண்ணுயிரிகளே. அதற்கு மருந்து உணவை மூடிவைப்பதுதான்.

பலன் பார்ப்பவர்க்குப் பல்லி எந்த இனமாயினும் ஒன்றே. விழுந்த இடம் மட்டுமே கணக்கு. பெருங்கடுங்கோவுக்கோ அதன் கால் நிறமும், அது வாழும் காடும், அது அழைப்பது தன் துணையை என்பதும் தெரிந்திருந்தன. அக்குரல் மனிதருக்காக எழுந்ததன்று என்று அறிந்திருந்தும் அதிலிருந்து மனிதரின் பிரிவுத்துயரை அவரால் பேச முடிந்தது. பாடல் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. கள்ளிக்காடுகளும் புற்று மேடுகளும் அழிந்தபின் அப்பாடலைப் படிப்பவர், உவமையை மட்டும் அறிவார். உவமிக்கப்பட்ட குரலை அறியமாட்டார்.